ஆறு டன் பெட்டியும் வசந்தாவும்

வசந்தா போய்விட்ட செய்தியை அவள் மகள் மீராதான் சொன்னாள். இடியாப்பத்துக்கு மாவு பிசைந்த கையோடு போனை எடுத்தேன். "மைமூன் ஆன்ட்டி, அம்மா… ஷி இஸ் நோ மோர் ஆன்ட்டி" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதோம். கை மாவு காய்ந்து வெடித்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

மறுநாள் மரண அறிவிப்பு வந்தது. படத்தில் வசந்தா அதே நெற்றிப் பொட்டோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர், பெயர், வயது, அதற்குக் கீழே 'இல்லத்தரசி' என்று போட்டிருந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு விவரம் தெரிந்த காலத்திலிருந்து அவள் வீட்டில்தான் இருந்தாள். ஆனால் அந்த நாளில் வளைகுடாவில், குதைபியாவில் எங்கள் கட்டிடத்தில் குடியிருந்த உங்களுக்குத் தெரியும், அவள் என்ன வேலை பார்த்தாள் என்று. தெரியாதவர்களும் இருக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் போனேன். அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம் நானாக வாசித்தது. கம்ப்யூட்டர் பற்றி இதில் வரும் இடங்களை என் பேத்தி ஷிஃபாவிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டேன். அவள் பெங்களூரில் சில்லு செய்கிற கம்பெனியில் எஞ்சினியர். எங்கள் குடும்பத்தில் முதல் எஞ்சினியர். இதைச் சொல்லாமல் என்னால் எதையும் எழுத முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குவைத் சண்டை ஓய்ந்த பிறகு வந்த வெயில் காலம் அது. மூன்று ரூம், ஒரே ஒரு சமையலறை. பெரிய ரூமில் நானும் என் வீட்டுக்காரரும் இருந்தோம். ஓரத்துச் சின்ன ரூமில் ஜோஸ் என்கிற திருச்சூர்ப் பையன் தனியாக இருந்தான். நடு ரூமுக்கு வசந்தாவும் அவள் கணவர் நடராஜனும் கைக்குழந்தை மீராவோடு வந்தார்கள். நடராஜனுக்கு ஏசி வேலை. சைட்டுக்குப் பக்கத்தில் கேம்ப்பில் படுத்துக்கொண்டு வியாழக்கிழமை சாயங்காலம் வருவார், வெள்ளி இரவு போவார். வசந்தா ஆபீஸ் போனால் மீரா என் மடிதான்.

"என்ன வேலை பாக்குற புள்ள?" என்று முதல் நாளே கேட்டேன்.

"கம்ப்யூட்டருங்க."

"டைப் அடிக்கிறதா?"

"இல்லீங்க. நான் அதுக்கு உள்ள எழுதறேன்."

உள்ளே எழுதுவது என்றால் என்ன என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கெட்டிக்காரி மாதிரி தலையை ஆட்டி வைத்தேன்.

ஒரு சாயங்காலம் சமையலறைத் தரையில் கட்டம் போட்ட காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு கட்டங்களைப் பென்சிலால் கறுப்பாக்கிக்கொண்டிருந்தாள். கோலம் போடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். கோலமில்லை. "இது ஐன் எழுத்துல்ல? வார்த்தைக்கு நடுவுல வர்ற ஐன்" என்றேன்.

பென்சில் நின்றுவிட்டது. "உங்களுக்கு அரபி தெரியுமுங்களா?"

"பேசத் தெரியாது. எழுத்துத் தெரியும். சின்னதுலயே குர்ஆன் ஓதி முடிச்சவ நான்."

அன்றிலிருந்து நான் அவளுக்கு லாத்தா ஆனேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அக்காவை அப்படிக் கூப்பிடுவதைக் கடைத்தெருவில் கேட்டு வைத்திருந்தாள். கோயம்புத்தூர்க்காரி வாயில் அந்தச் சொல் கொஞ்சம் இழுபட்டு வரும். எனக்கு அது பிடித்திருந்தது.

அவள் கம்பெனியின் வேலையே கம்ப்யூட்டர் திரையில் அரபியைக் கொண்டுவருவதுதான். அந்தக் காலத்து மெஷின்களுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். அரபியோ வலமிருந்து இடமாகப் போகும். ஒவ்வொரு எழுத்தும் வார்த்தையின் தலையில் ஒரு உருவம், நடுவில் ஒரு உருவம், வாலில் ஒரு உருவம் எடுக்கும். அத்தனையையும் புள்ளி புள்ளியாக வரைந்து மெஷினுக்குப் புகட்டுவது வசந்தா. அச்சடித்து வரும் காகிதங்களில் எழுத்து எழுத்தோடு ஒழுங்காகக் கைகோத்திருக்கிறதா என்று வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்துச் சொல்வது நான்.

ஒரு தடவை நன்றாக அசடு வழிந்தேன். கீழே மூன்று புள்ளி வைத்த எழுத்து ஒன்று இருந்தது. "இது என்ன புள்ள? ஓதுறதுல இப்படி ஒரு எழுத்தே கிடையாதே. நீயா உண்டாக்குனியா?"

"ஐயோ லாத்தா! அரபியில 'பழம்'ங்கறதுல வர்ற 'ப' சத்தம் இல்லீங்களாமா. வெளியூர்ப் பேரு எழுதறதுக்கு இங்க கடைக்காரங்க இப்படிப் போட்டுக்குவாங்க. பீட்டரு, பழனிச்சாமி எல்லாம் ஊருக்குப் பொட்டி அனுப்ப வேண்டாமா?"

பழனிச்சாமியின் பெட்டி பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவள் எழுதியது அசெம்பிளி என்கிற பாஷையில். மெஷினுக்கு மிகவும் பக்கத்தில் போய்ப் பேசுகிற பாஷை என்று சொன்னாள். சில்லுக்குள் கை மாதிரி சில இடங்கள் இருக்குமாம். ரெஜிஸ்டர் என்று பெயர். எதைக் கூட்டுவதென்றாலும் நகர்த்துவதென்றாலும் முதலில் அந்தக் கையில் எடுத்தாக வேண்டும். பழைய சில்லில் அந்தக் கை முழங்கை வரைக்கும்தான். அதற்குப் பிறகு வந்த முன்னூற்று எண்பத்தாறு நம்பர் சில்லில் அதே கையைத் தோள் வரைக்கும் நீட்டிவிட்டார்கள். ஒரே தடவையில் இரட்டிப்பாக அள்ளலாம். முழுக் கைக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். முழங்கை வரை உள்ள கீழ்ப்பாதிக்குப் பழைய பெயரே இருந்தது. மேல்பாதிக்கு மட்டும் தனிப் பெயர் கிடையாது. ஷிஃபா இதை வாசித்துவிட்டு, "கரெக்ட் உம்மம்மா. இப்பல்லாம் அந்தக் கை தோளையும் தாண்டிப் போயிடுச்சு" என்றாள்.

புதுச் சில்லு ஆபீசுக்கு வந்த அன்று வசந்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "லாத்தா, நேத்து வரைக்கும் வரி வரியா ஊர்ந்துட்டு இருந்துச்சுங்க. இன்னிக்குத் தட்டுனதும் திரை பூரா அரபி நிக்குது!" என்று மீராவைத் தூக்கிச் சுற்றினாள். அவளுக்குத் தன் வேலையில் கர்வம் உண்டு. இருக்க வேண்டியதுதானே. ஜோஸும் அதே ஆபீஸ். அவன் எழுதுவது வேறு பாஷை, நாலு வரியில் முடிந்துவிடும். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் சண்டைதான். அவனுக்கு நான் இத்தா, அவள் சேச்சி.

"இத்தா, சேச்சி எழுதுறது புரோகிராம் அல்ல கேட்டோ. எறும்பு ஊர்றது."

"எறும்பு நேரத்துக்குப் போய்ச் சேந்துரும் ஜோஸு. உன்ற யானை இன்னும் கேட்டுலயே நிக்குது."

அவள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "மெஷினுக்கு நம்ம மேல கோபமே வராதுங்க லாத்தா. சொன்னதை அப்படியே செய்யும். அதுதான் பயமா இருக்குது."

என் வீட்டுக்காரர் மனாமாவில் ஒரு கார்கோ கடையில் தராசு வேலை பார்த்தார். ஊருக்குப் போகும் பெட்டிகளை நிறுத்துச் சீட்டு ஒட்டுகிற வேலை. அந்தக் கடைக்கு இவர்கள் கம்பெனிதான் கம்ப்யூட்டர் வைத்தது. தராசிலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகும். எடையைக் கிராமில் வாங்கிக் கணக்குப் பண்ணுவது ஜோஸின் புரோகிராம். பெரிய பெட்டியின் கிராம் கணக்கு பழைய கைக்குள் அடங்காது என்பதால் அவனும் புது நீளக் கையில்தான் கணக்கு வைத்திருந்தான். பெயரை அரபியில் காட்டுவதும், அடுத்த எழுத்து விழ வேண்டிய இடத்தில் மினுக்கு மினுக்கென்று ஒரு கோட்டைக் கண் சிமிட்ட வைப்பதும் வசந்தாவின் புரோகிராம். அது ஒரு ஓரத்தில் எப்போதும் விழித்துக்கொண்டே இருக்கும். சிமிட்ட வேண்டிய நேரம் வந்தால் ஜோஸின் வேலையைக் கண நேரம் நிறுத்தி, தன் வேலையை முடித்துவிட்டு விலகிக்கொள்ளும்.

ஒரு நாள் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் பெட்டியோடு வந்தார். அவர்தான் பழனிச்சாமி. தராசில் வைத்ததும் திரையில் ஆறு டன்னுக்கு மேல் காட்டியது.

"ஏப்பா, பொட்டிக்குள்ள என்ன வச்சிருக்க?" என்று கேட்டாராம் என் வீட்டுக்காரர்.

"ரெண்டு போர்வ, பால்மாவு டின்னு, பிள்ளைக்கு ஒரு சைக்கிளுண்ணே."

"சைக்கிளா, ரயிலா?"

கடையே சிரித்திருக்கிறது. எடுத்துத் திரும்ப வைத்தால் சரியான எடை காட்டியது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அதுதான் எங்களுக்குத் தொடுகறி. வசந்தாதான் அதிகம் சிரித்தாள். "ஜோஸு, உன்ற யானை தராசு மேல ஏறிருச்சு போல!"

அடுத்த தடவை யாரும் சிரிக்கவில்லை. பெருநாளுக்கு முந்திய கூட்டத்தில் ஒரு பெட்டிக்குத் திரும்பவும் டன் கணக்கில் விழுந்த எடையை யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். ஏர்போர்ட்டில் காகிதத்தைப் பார்த்தவர்கள் அந்த லோடு முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். பெட்டிகள் வெயிலில் கிடந்தன. பெருநாள் துணிகள் பெருநாளைக்குப் பிறகு ஊர் போய்ச் சேர்ந்தன. கடைக்கு வந்து கத்தியவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவர் என் வீட்டுக்காரர்தான். கார்கோ முதலாளி இவர்கள் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார்.

எடைக் கணக்கு ஜோஸுடையது. அதனால் தப்பும் ஜோஸுடையது என்று கம்பெனி மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். விசா கேன்சல், ஞாயிற்றுக்கிழமை டிக்கெட். வந்து ஒரு வருஷம்கூட முடியாத பையன். கேன்சலாகிப் போனால் திரும்பி வர வழியில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான், "இத்தா, ஞான் நூறு தடவ நோக்கி. என்றெ கணக்கு சரியாணு."

வசந்தா அன்றைக்கு அவனைக் கேலி செய்யவில்லை.

வியாழக்கிழமை மதியம் கடைகள் அடைத்திருக்கும் நேரத்தில், என் வீட்டுக்காரரைச் சாவியோடு கூட்டிக்கொண்டு கார்கோ கடைக்குப் போனாள். துணைக்கு நானும் மீராவும் போனோம். ஒரு அரிசி மூட்டையைத் தராசில் வைத்துவிட்டு, அரபியில் ஒரு பெயரை அடித்துக்கொண்டே எடை கேட்டாள். சரியாக வந்தது. திரும்பக் கேட்டாள். சரி. திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தாள். எனக்குக் கண் செருகியது. என் வீட்டுக்காரர் மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டார். கண் விழித்தபோது வசந்தா எதையும் தொடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசி மூட்டை ஆறு டன்.

"கண்டுபிடிச்சிட்டியா புள்ள?"

"ஆமாங்க" என்றாள். டாக்சியில் மீராவைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தபடியே வந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வளைகுடாவில் சர்ச்சும் வெள்ளிக்கிழமைதான். ஜோஸ் அங்கே போயிருந்தான். என் வீட்டுக்காரர் ஜும்மாவுக்குக் குளித்துக்கொண்டிருந்தார். நான் நெய்ச்சோற்றுக்கு வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தேன். வசந்தா வந்து கதவோரம் நின்றாள்.

"லாத்தா, தப்பு ஜோஸோடது இல்லீங்க. என்றது."

தன் புரோகிராம் குறுக்கே வரும்போது, ஜோஸ் கையில் பிடித்திருப்பதை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, தன் வேலை முடிந்ததும் திரும்ப அவன் கையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அது இந்த வேலையில் எழுதப்படாத மரியாதை. வசந்தா வைத்தாள். ஆனால் பாதியைத்தான் வைத்தாள். பழைய சில்லில் பழகியவள், பழைய பெயரைச் சொல்லி முழங்கை வரை உள்ளதை மட்டும் எடுத்து வைத்துவிட்டாள். வேலை செய்ததோ முழு நீளக் கையால். மேல்பாதியில் அவளுடைய எழுத்துப் புள்ளிகள் அப்படியே கிடந்தன. ஜோஸின் கணக்கு அதையும் எடையென்று நினைத்துச் சேர்த்துக்கொண்டது. இரண்டு புரோகிராமும் ஒரே கணத்தில் முட்டிக்கொண்டால்தான் இது நடக்கும். அதனால்தான் அவ்வளவு அபூர்வமாக வந்தது.

"பேரு இல்லாத பாதிய மறந்துட்டேனுங்க" என்றாள்.

"இப்ப என்ன செய்யணும்?"

"செஞ்சுட்டேன். சில இடத்துல பேருக்கு முன்னால ஒரு எழுத்துச் சேத்தணும், அவ்வளவுதான். பிளாப்பியில வெச்சிருக்கேன். நாளைக்குப் போட்டுட்டா அப்புறம் ஆறு டன் வரவே வராது. யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாது என்பதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அதற்குள் நடராஜன் ரூமிலிருந்து வந்துவிட்டார். ராத்திரி முழுவதும் இதே பேச்சு நடந்திருக்க வேண்டும்.

"சரி பண்ணிட்டீல்ல? அப்புறம் எதுக்கு வாயத் தெறக்கறே? ஜோஸு சின்னப் பையன், எங்கியோ பொழச்சுக்குவான். உன்ற வேலை போச்சுன்னா நாம எங்க போறது? கேம்ப்புல உன்னையும் புள்ளையையும் எந்தக் கட்டில்ல படுக்க வெக்கட்டும்?"

அவர் கெட்டவரில்லை. வசந்தாவின் கம்பெனி தந்த வீட்டு வாடகைப் படியில்தான் அந்த நடு ரூம் நின்றது. அது நின்றுபோனால் அவளும் மீராவும் ஊருக்கு, அவர் கேம்ப்புக்கு. கல்யாணமாகி ரொம்ப நாள் அப்படித்தான் பிரிந்து கிடந்தார்கள். இப்போதுதான் வாரத்துக்கு ஒரு நாளாவது ஒரே கூரை. மீரா போய்விடுவாள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

வசந்தா என்னிடம் திரும்பி, "லாத்தா, அர்பாபுக்கு இதை எப்படிங்க சொல்றது? ரெஜிஸ்டரு, மேல்பாதின்னா அவருக்கு ஒண்ணும் விளங்காது. நீங்க அர்பாபுன்னு வெச்சுக்குங்க, சொல்லிப் பாக்கறேன்" என்றாள். அர்பாப் என்றால் அவள் கம்பெனியின் அரபி முதலாளி.

நடராஜன் கையை உதறிவிட்டு ரூமுக்குள் போய்விட்டார். அவள் முடிவு பண்ணிவிட்டாள் என்று அவருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது.

நான் கரண்டியோடு அர்பாப் ஆனேன். அவள் என் அடுப்பை வைத்தே தொடங்கினாள். "நீங்க ரெண்டு அடுப்புலயும் கறி ஆணம் கொதிக்க வெச்சிருக்கீங்க. நான் அவசரமா டீ போட வர்றேன். ஒரு சட்டிய இறக்கிப் பத்திரமா வெச்சுத் திரும்ப ஏத்திடறேன். இன்னொண்ண மறந்துட்டு அதுலயே டீயக் காச்சிட்டுப் போயிடறேன்."

"அட பாவி, என் ஆணத்துல டீத்தண்ணி ஊத்துனவ நீதானா!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவளே சொன்னாள், அர்பாப் சமையலறைப் பக்கம் போயிருக்கவே மாட்டார், இது அவருக்கு எடுபடாது என்று. கொஞ்ச நேரம் மீராவுக்குத் தலை சீவிக்கொண்டே யோசித்தாள். "காருங்க லாத்தா! அவருக்குக் காருன்னா உசுரு. ஜோஸோட காரை நான் இரவல் வாங்கறேன். சீட்டு, கண்ணாடி எல்லாம் இருந்தபடியே வெச்சுத் திருப்பிக் குடுத்துடறேன். ஆனா டிக்கியில என்ற சாமான எடுக்காம விட்டுட்டேன். அந்தப் பாரத்தோட காரை எடை போட்டுட்டு, ஜோஸு திருட்டுச் சரக்கு ஏத்துறான்னு பிடிச்சுட்டாங்க."

அதை ஹிந்தியில் சொல்லிப் பார்த்தாள். ஆபீசில் எல்லோருக்கும் பொதுவான பாஷை அதுதானே. என் ஹிந்தி காய்கறிக் கடை ஹிந்தி. எனக்கே விளங்கியது என்றால் அர்பாபுக்கு விளங்காமலா இருக்கும்.

சனிக்கிழமை காலையில் என்னையும் கூட வரச் சொன்னாள். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க. மீராவ வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருங்க, போதும்." அர்பாப் அபு நாசர் வயதானவர். மேசைமேல் காவாக் காபிக் குவளை. பக்கத்தில் மேனேஜர். வசந்தா உட்காரவில்லை.

"ஜோஸ் மேல் தப்பு இல்லை. தப்பு என்னுடையது" என்று ஹிந்தியில் சொன்னாள்.

சொல்லிவிட்டு நின்றாள். கார் கதை வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. மேனேஜர் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். அர்பாப் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. டிக்கி, டிக்கி என்று எடுத்துக் கொடுத்துவிடலாமா என்றிருந்தது. பேசக் கூடாது என்று சொல்லியிருந்தாளே.

மேனேஜர்தான் முதலில் பேசினார். கூட வேலை செய்கிற பையன்மேல் இரக்கப்பட்டு இவள் பொய் சொல்கிறாள் என்றார். அர்பாப் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "உன் தப்பு என்று உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. நானே பார்த்தேன்." அதன் பிறகுதான் கார் கதை வந்தது. ஒரு இடம் தட்டாமல், நேற்று என்னிடம் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள். அர்பாப் இரண்டு இடத்தில் தலையாட்டினார். "சாமான் உன்னுடையது, ஃபைன் ஜோஸுக்கு" என்றார்.

"ஆமாம்."

"இப்போது டிக்கி காலியா?"

"காலி. பிளாப்பி இதோ இருக்கிறது."

"காலி பண்ணிவிட்டாய். யாரும் பார்க்கவில்லை. பிறகு ஏன் என்னிடம் வந்தாய்?"

"ஜோஸ் நாளைக்குப் போகிறான்" என்றாள் வசந்தா.

அர்பாப் மேனேஜர் பக்கம் திரும்பி, அரபியில் ஏதோ சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டது கடைசிச் சொல் மட்டும்தான், முடிந்தது என்று அர்த்தம். "கலாஸ்." ஜோஸின் டிக்கெட் அன்றைக்கே கேன்சல் ஆனது.

ஜோஸ் ஓடி வந்து அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவன் கேட்டது ஒரே கேள்வி. "சேச்சிக்கு வியாழாழ்ச்சயே அறியாமாயிருந்நு, அல்லே?"

"ஆமா ஜோஸு. வியாழக்கிழமையே தெரியும்."

அந்த இரண்டு நாளும் அவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். அம்மாவுக்குப் போன் போட்டு அழுதிருந்தான். வீட்டுக்காரர் தடுத்தார், பயமாக இருந்தது என்று சொல்ல அவளுக்கு வழி இருந்தது. சொல்லவில்லை. அவன் வெகு நாள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் சமையலறைக் கதவில் சாய்ந்து, யாரையும் பார்க்காமல், "எறும்பே, சாயா உண்டோ?" என்று கேட்டான். வசந்தா திரும்பிப் பார்க்காமலே இன்னொரு கிளாஸ் தண்ணீரைச் சட்டியில் ஊற்றினாள்.

கான்ட்ராக்ட் முடிந்தபோது அவளுக்குப் புதுப்பிக்கவில்லை. இனிமேல் அரபி உள்ளேயே இருக்கும் கம்ப்யூட்டர்கள் வருகின்றன, இந்த வேலைக்கு ஆள் வேண்டாம் என்று மேனேஜர் காரணம் சொன்னார். அது உண்மைதான் என்று ஜோஸும் சொன்னான். அந்தச் சனிக்கிழமைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வசந்தா அதைத் தோண்டவேயில்லை. நடு ரூம் காலியானது. அவளும் மீராவும் ஊருக்குப் போனார்கள்.

வெகு காலம் கழித்து நடராஜனுக்குத் துபாயில் நல்ல வேலை கிடைத்தது. வாடகை குறைவென்று அஜ்மானில் வீடு பார்த்து இவர்களை அழைத்துக்கொண்டார். தினமும் விடியலில் பஸ் பிடித்துப் போய் இருட்டிய பிறகு வருவார். மனைவி விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. "பாஸ்போர்ட்லயே அடிச்சுட்டாங்க லாத்தா, நான் ஹவுஸ் ஒய்ஃபாம்" என்று போனில் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. மீராவின் கணக்குப் பாடத்தை அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். ஷிஃபாவுக்கு வேலை கிடைத்தது என்று நான் சொன்னபோது, "எந்தச் சில்லு லாத்தா? எத்தனை ரெஜிஸ்டரு? கேட்டுச் சொல்லுங்க" என்று குரல் எகிறியது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பழைய வசந்தாவை அன்றைக்குக் கேட்டேன்.

அதே போனில்தான், என் மனதில் கிடந்ததை ஒருவழியாகக் கேட்டேன். "அன்னைக்கு அர்பாப் முன்னாடி நின்னியே புள்ள, கார் கதை மறந்து போச்சா? எனக்கு உயிரே போயிட்டு வந்துச்சு."

"மறக்கலீங்க லாத்தா. கதைய உடனே சொல்லியிருந்தா அவருக்குப் புரிஞ்சிருக்கும். புரிஞ்சுட்டா மன்னிக்கவும் தோணும். அதுக்கு முன்னால கொஞ்ச நேரம் அந்தத் தப்பு வெறும் தப்பாவே இருக்கட்டும்னு நின்னேன். ஜோஸு அப்படித்தானே ரெண்டு நாள் நின்னான்?"

நம் எல்லோருக்கும் தப்பை ஒப்புக்கொள்ளத் தெரியும். முதலில் ஒரு காரணம், அதற்குத் துணையாக இன்னொன்று, கேட்பவர் களைத்துப் போன பிறகு கடைசியில் மெதுவாகத் தப்பு. வசந்தா முதலில் தப்பை வைத்தாள். காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அதைக் கொடுக்காமல் நின்றாள். வசந்தாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நிற்பை.